சிங்கக் குகைக்கு முன்னே ஒரு சாளரம்
(தானியேல் நூல் 6ஆம் அதிகாரம்: துணிவும் அன்றாடக் கிறிஸ்தவ வாழ்வும்)



தானியேலைப் பற்றிய வினா வந்தால் நம் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. சிறு வயதிலேயே கேட்ட கதை. படம் பார்த்த கதை. ஆனால் விடைத்தாளைத் திருத்துபவருக்கு அந்த மகிழ்ச்சி கிடைப்பதில்லை. பத்து வரி விடையில் ஏழு வரி சிங்கங்களுக்கே போய்விடுகின்றது. எஞ்சிய மூன்று வரியில், நாமும் தானியேலைப் போலத் துணிவுடன் வாழ வேண்டும் என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். குறிஞ்சிப்பிட்டியில் என்னிடம் படிக்க வரும் மாணவர்களின் பயிற்சி விடைகளில் ஆண்டுதோறும் இதே வாக்கியத்தைச் சிவப்பு மையினால் வட்டமிட்டு வருகிறேன். வாக்கியத்தில் பிழை இல்லை. எனினும் அதை எழுதிய மாணவனிடம், "சரி, நாளைக் காலை ஆறு மணிக்கு நீ என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டால் பதில் இராது. "அன்றாட வாழ்வுடன் தொடர்புபடுத்தி விளக்குக" என்று வினா கேட்பது அந்தப் பதிலைத்தான்.

ஆகவே இப்பாடத்தில் சிங்கங்களுக்குச் சற்று ஓய்வு கொடுப்போம். குகைக்குள் தள்ளப்பட்ட பின்னர் தானியேல் செய்வதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. அங்கே செயல்பட்டவர் இறைவன். தானியேலின் துணிவு வெளிப்பட்ட இடம் அவரது வீட்டு மேல்மாடிச் சாளரம். அந்தச் சாளரத்தைப் புரிந்துகொண்டால் பாடம் முழுவதும் புரியும்.

கதையை மறுபடி வாசிப்போம்

முதலில் ஒரு சிறு கணக்கு. தானியேல் சிறுவனாக எருசலேமிலிருந்து பாபிலோனுக்குக் கொண்டு செல்லப்பட்டதை அந்நூலின் முதலாம் அதிகாரம் கூறுகின்றது. அது ஏறத்தாழ கி.மு. 605. பாபிலோன் பாரசீகர் கையில் வீழ்ந்தது கி.மு. 539இல். ஆறாம் அதிகாரம் அந்த வீழ்ச்சிக்குப் பின்னர் நடப்பதாகச் சொல்லப்படுகின்றது. இடையில் கழிந்தவை 66 ஆண்டுகள். அப்படியானால் குகைக்குள் போடப்பட்ட தானியேலுக்கு வயது எண்பதை ஒட்டி இருந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் படப் புத்தகத்தில் சுருள்முடி இளைஞன் ஒருவன் சிங்கத்தின் பிடரியைத் தடவிக்கொண்டு நிற்பான். அந்தப் படத்தை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். தலை நரைத்த ஒரு பெரியவரை, இன்னும் சொன்னால் உங்கள் அப்பப்பாவை, அங்கே நிறுத்திப் பாருங்கள். துணிவு என்பது இளம் இரத்தத்தின் வேகம் என்ற எண்ணம் அப்போதே ஆட்டம் காணும்.

அடுத்தது கணக்குப் புத்தகம். தாரியு மன்னன் 120 ஆளுநர்களை நியமித்து, அவர்களுக்கு மேல் மூன்று மேற்பார்வையாளர்களை வைக்கிறான். அம்மூவரில் ஒருவர் தானியேல். நாடு முழுவதற்கும் அவரையே பொறுப்பாக்க மன்னன் எண்ணுகிறான். மற்றவர்களுக்குப் பொறாமை. அவர்கள் எடுத்த எடுப்பில் அவருடைய செபத்தில் கை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் அவருடைய நிர்வாகத்தில் ஊழல் உண்டா, கவனக்குறைவு உண்டா என்று தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. இனி இவர் கடவுளின் சட்டத்தின் மூலமாகத்தான் இவரை மாட்ட முடியும் என்ற முடிவுக்கு அதன் பின்னரே வருகிறார்கள். அதாவது, சாளரத்தடியில் முழந்தாளிட்ட மனிதர் அலுவலகத்திலும் கை சுத்தமானவர். தராசில் ஏமாற்றிவிட்டு ஞாயிறு திருப்பலியில் முன் வரிசையில் நிற்பவனுக்கு எதிரிகள் சிங்கக் குகை தோண்டத் தேவையில்லை. அவனது தராசைக் காட்டினாலே போதும். இந்தப் பகுதியைப் பெரும்பாலான மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

பின்னர் சட்டம் வருகின்றது. முப்பது நாட்களுக்கு மன்னனைத் தவிர எந்தத் தெய்வத்திடமோ மனிதரிடமோ வேண்டுதல் செய்யக் கூடாது. மீறினால் சிங்கக் குகை. மேதியர், பாரசீகரின் சட்டம் ஒருமுறை கைச்சாத்திடப்பட்டால் மாற்ற இயலாது. முகத்துதியில் மயங்கிய மன்னன் யோசிக்காமல் கைச்சாத்திடுகிறான்.

முப்பது நாள்தானே! நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நீங்கள் உங்களையே கேட்டுப் பாருங்கள். சாளரத்தை அடைத்துவிட்டு உள்ளறையில் செபித்திருக்கலாம். மனத்துக்குள் செபித்தால் யாருக்குத் தெரியும்? ஒரு மாதம் கழித்து மீண்டும் பழையபடி தொடங்கலாம். இவை ஒன்றும் மூடத்தனமான யோசனைகள் அல்ல. ஆனால் தானியேல், சட்டம் வந்துவிட்டதை அறிந்தே, வீட்டுக்குப் போய், எருசலேமை நோக்கித் திறந்திருந்த சாளரத்தருகே, நாளுக்கு மூன்று முறை முழந்தாளிட்டு, முன்பு செய்துவந்ததைப் போலவே செபித்து நன்றி செலுத்துகிறார்.

"முன்பு செய்துவந்ததைப் போலவே" என்பதன் கீழ் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அவர் சட்டத்தை எதிர்த்து ஊர்வலம் போகவில்லை. வழக்கமான மூன்று தடவையை ஐந்து தடவையாக்கி வீரம் காட்டவுமில்லை. குறைக்கவுமில்லை. சட்டம் வந்த நாளும் அவருக்கு மற்ற நாட்களைப் போலவே இருந்தது. அதுவரை அந்தச் செபத்துக்கு விலை இருக்கவில்லை. அன்று முதல் விலை வந்தது. அவர் அந்த விலையைக் கொடுத்து அதே செயலைத் தொடர்ந்தார். இந்த அதிகாரம் காட்டும் துணிவு இதுதான். எண்பது வயதில் ஒரே நாளில் வந்த துணிவும் அல்ல அது. நாளுக்கு மூன்று முறை என்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் முழந்தாளிட்டவருக்கு அன்றைக்கு மட்டும் முழந்தாளிடாமல் இருப்பதுதான் கடினமாக இருந்திருக்கும்.

சாளரம் ஏன் எருசலேமை நோக்கி? சாலமோன் ஆலயத்தை நேர்ந்தளித்தபோது செய்த மன்றாட்டில் (1 அரசர் 8) இதற்கு விடை உண்டு. அந்நிய நாட்டில் சிறைப்பட்டிருப்போர் தம் நாட்டையும் ஆலயத்தையும் நோக்கி மன்றாடினால் அதைக் கேட்டருளும்படி அவர் இறைவனை வேண்டினார். தானியேலின் காலத்தில் அந்த ஆலயம் இடிக்கப்பட்டுக் கிடந்தது. இடிபாட்டை நோக்கிச் சாளரம் திறந்து வைத்திருந்த மனிதர் அவர்.

மன்னனை மறந்துவிடாதீர்கள்

இந்தக் கதையில் தானியேலைவிட நமக்கு நெருக்கமானவன் தாரியு மன்னன் என்பது என் எண்ணம். தானியேல் குற்றமற்றவர் என்று அவனுக்குத் தெரியும். காப்பாற்ற விரும்பிக் கதிரவன் மறையும் வரை வழி தேடுகிறான். கைச்சாத்திட்ட சட்டத்தைக் காட்டி மற்றவர்கள் நெருக்கியதும் விட்டுக்கொடுத்துவிடுகிறான். குகை வாயிலில் கல் வைத்துத் தன் முத்திரையையும் இடுகிறான். அன்று இரவு உணவு இல்லை, உறக்கம் இல்லை. விடியற்காலையில் குகைக்கு ஓடுகிறான். நாட்டிலேயே அதிகாரம் கூடியவன் உறக்கமின்றித் தவித்தான். தீர்ப்பிடப்பட்டவர் சிங்கங்களின் நடுவே பாதுகாப்பாக இருந்தார். புதிய ஏற்பாட்டில் இவனுக்கு ஒரு தம்பி உண்டு: இயேசு குற்றமற்றவர் என்று தெரிந்தும் கூட்டத்துக்கு அஞ்சிக் கைகழுவிய பிலாத்து (மத்தேயு 27). ஒப்பிட்டு எழுதக் கேட்டால் இவ்விருவரையும் எழுதுங்கள்.

கதையின் கடைசியில் குற்றஞ்சாட்டியவர்கள் மனைவி மக்களோடு குகைக்குள் போடப்படுகிறார்கள். வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை இதைப் பற்றிக் கேட்டே தீரும். அது மன்னனின் தீர்ப்பு. தானியேல் அதைக் கேட்டதாக நூலில் ஒரு சொல்லும் இல்லை. அதை நியாயப்படுத்த நாம் முயல வேண்டியதில்லை.

இந்நூல் யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் ஒரு வரியில் குறிப்பிட்டால் விடை வலுப்பெறும். இன்றைய விவிலிய அறிஞர் பலரின் கருத்துப்படி, தானியேல் நூல் இன்றைய வடிவைப் பெற்றது கி.மு. 167 முதல் 164 வரையான காலப்பகுதியில். அப்போது அந்தியோக்கு எப்பிபான் என்ற மன்னன் யூதர்களின் வழிபாட்டையும் ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தடைசெய்திருந்தான் (1 மக்கபேயர் 1). செபிப்பது குற்றமாகிவிட்ட மக்கள் கையில் கொடுக்கப்பட்ட கதை இது.

களப்பின் இரு கரைகள்

செபிப்பது குற்றமான காலம் நமது கரைக்கும் வந்தது. வேற்று நாட்டு உதாரணங்களை மனப்பாடம் செய்யும் மாணவர்கள் இதை எழுதுவதில்லை என்பது எனக்கு ஒரு மனக்குறை.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி, இலங்கையின் கரையோரத்தில் போர்த்துக்கேய ஆட்சியை முடித்து வைத்தார்கள். ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்களே, ஆனால் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். குரு ஒருவருக்கு வீட்டில் அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என்று அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நமது முன்னோர் குருக்கள் இல்லாமல், திருப்பலி இல்லாமல், வீட்டுக்குள் செபமாலை சொல்லியே விசுவாசத்தைக் காத்தார்கள்.

கோவாவில் 1651இல் பிறந்த யோசப் வாஸ் என்ற குரு இதைக் கேள்விப்பட்டார். தமிழைக் கற்றார். 1687இல் யோவான் என்ற தமது பணியாளருடன், கூலியாளைப் போல வேடமிட்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் கடும் வயிற்றோட்டம். உயிர் தப்பியதே அரிது. எழுந்து நடக்க முடிந்ததும் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அது யாசகம் மட்டுமன்று. செபமாலையைக் கண்டதும் எந்த வீட்டாரின் முகம் மாறுகின்றது என்று பார்த்தார். அப்படித்தான் கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். பின்னர் சில்லாலையில் தங்கி, இரவுகளில் வீடுகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா இரவில் யாழ்ப்பாணக் கத்தோலிக்கர் மீது ஒல்லாந்தர் பாய்ந்தார்கள்; மக்கள் சிறைப்பிடிக்கப்பட்டார்கள். குரு அகப்படவில்லை.

1690இல் அவர் வந்து சேர்ந்த இடம் புத்தளம். இங்கே நமது நிலப்படத்தைச் சற்று மனத்தில் கொண்டு வாருங்கள். களப்பின் மேற்குப் பக்கத்தில், குடாநாட்டில், கற்பிட்டிக் கோட்டை. ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடித்த அந்தக் கோட்டையை நீங்கள் பள்ளிச் சுற்றுலாவில் வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். களப்பின் கிழக்குப் பக்கத்தில் புத்தளம். அது அப்போது கண்டி மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. ஒரே களப்பு, ஒரே மீன். ஒரு கரையில் குரு பிடிபட்டால் அடைக்கலம் தந்த வீட்டாரின் உயிருக்கே ஆபத்து. மறு கரையில் அவர் மூச்சுவிடலாம். யோசப் வாஸ் ஓராண்டளவு புத்தளத்தில் பணிபுரிந்தார்.

அங்கேயே பாதுகாப்பாக இருந்திருக்கலாம். அவர் 1692இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய உளவாளி என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். சிறையிலிருந்தபடியே சிங்களம் கற்றார். வளவுக்குள் ஒரு கொட்டிலைச் சிற்றாலயமாக்கினார். இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் நாளடைவில் அவரைப் புரிந்துகொண்டு நடமாட விட்டார். 1697இல் கண்டியில் வைசூரி பரவியது. நோயாளிகளை உறவினரே காட்டில் கைவிட்டு ஓடினார்கள். யோசப் வாஸ் தமது மருமகனான கர்வாலோ குருவுடன் அந்த நோயாளிகளைத் தேடிப் போய், கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார். நோயாளியின் மதம் எதுவென்று அவர் கேட்கவில்லை. கத்தோலிக்கக் குருவுக்குக் கிறிஸ்தவ ஒல்லாந்தர் மறுத்த இடத்தைப் பௌத்த மன்னர் ஒருவர் கொடுத்தார் என்பதையும் நாம் நன்றியோடு எழுத வேண்டும். 1711 சனவரி 16ஆம் திகதி அவர் கண்டியில் இறந்தார். 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராகவும், 2015 சனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராகவும் கொழும்பு காலிமுகத் திடலில் உயர்த்தினார்கள்.

ஒளிந்தவர் துணிந்தவரா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. "டீச்சர், தானியேல் சாளரத்தைத் திறந்து வைத்தார். யோசப் வாஸ் கூலியாள் வேடம் போட்டு, இரவில் ஒளிந்து பூசை வைத்தார். அப்போ யோசப் வாஸுக்குத் துணிவு குறைவா?"

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து யோசித்தேன். இப்போது எனக்குத் தோன்றுவது இது. தானியேல் ஒளித்திருந்தால் எதை ஒளித்திருப்பார்? தமது விசுவாசத்தை. அவர் பிடிபட்டால் சாகப் போகிறவரும் அவர் ஒருவர்தான். சாளரத்தை அடைப்பது, கடவுளைவிட மன்னனின் சொல் பெரிது என்று செயலால் ஒப்புக்கொள்வதாகும். யோசப் வாஸ் ஒளித்தது தம் ஆளை, விசுவாசத்தை அன்று. அதுவும் தமக்காக அன்று. அவர் பகலில் குருவாக நடமாடியிருந்தால் முதல் வீட்டிலேயே அடைக்கலம் கொடுத்த குடும்பம் அழிந்திருக்கும். மற்ற ஊர்கள் மீண்டும் குரு இல்லாமல் போயிருக்கும். வைசூரி வந்தபோது பாருங்கள்: தமது உயிர் மட்டுமே பணயம் என்ற நிலையில் அவர் எந்த மறைவிலும் நிற்கவில்லை. எனவே ஒருவரின் துணிவை அளக்க, சாளரம் திறந்ததா அடைத்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது. அடைத்தவர் யாருக்காக அடைத்தார் என்று கேட்க வேண்டும்.

இதே கேள்வி நம் காலத்திலும் எழுந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பிலுள்ள மூன்று ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் ஞாயிறு திருப்பலிகள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 28ஆம் திகதித் திருப்பலியை நாம் தொலைக்காட்சியில்தான் கண்டோம். ஆலயக் கதவை மூடியது கோழைத்தனம் என்று அப்போது சிலர் பேசினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. செபிக்காதே என்று எவரும் சட்டம் போடவில்லை. பிள்ளைகளும் முதியோரும் கூடும் இடத்தைக் காக்க வேண்டியிருந்தது. அந்த மூடிய கதவு யோசப் வாஸின் இரவுகளைச் சேர்ந்தது.

அந்த நாட்களில் துணிவு தேவைப்பட்ட இடம் வேறு. மே 12ஆம் திகதி சிலாபத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. மறுநாள் நமது புத்தளம் மாவட்டத்திலேயே, கொட்டாரமுல்லையில், முஸ்லிம் ஒருவர் கும்பலால் வெட்டிக் கொல்லப்பட்டார். நமது குடாநாட்டில் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்கிறோம். ஒரே பஸ்ஸில் போகிறோம். அந்த மாதத்தில் வகுப்புகளை மறுபடி தொடங்கியபோது என் வரலாற்று வகுப்புக்கு வந்த முஸ்லிம் பிள்ளைகள் மூவரும், சொல்லாமலே, கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தார்கள். முன்பு நடுவில் இருந்தவர்கள். வகுப்பு முழுவதும் மௌனம். நானும் பாடத்தை எடுக்கத் தொடங்கிவிட்டேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒரு கத்தோலிக்கப் பிள்ளை தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்க் கடைசி வாங்கில் அவர்களுக்கு நடுவே உட்கார்ந்தாள். முன்பும் அவள் அவர்களோடுதான் உட்காருவாள். முன்பு செய்துவந்ததைப் போலவே! அன்று அந்த வகுப்பில் தாரியு மன்னனாக இருந்தவர் ஆசிரியர்தான் என்பதை உங்களிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

அன்றாட வாழ்வுடன் தொடர்புபடுத்தல்

இப்போது விடைக்கு வருவோம். "பாடசாலையில் உணவுப் பொதியை அவிழ்க்குமுன் சிலுவை அடையாளம் இடுவேன்; இது தானியேலின் துணிவு" என்று எழுதுவோர் உண்டு. நல்ல பழக்கம்; விடவேண்டாம். ஆனால் நம் பக்கத்தில் அதை எவரும் தடுப்பதில்லை, எவரும் சிரிப்பதுமில்லை. விலை இல்லாத இடத்தில் துணிவு என்று எழுதினால் பரீட்சகர் நம்பமாட்டார். விலை இருக்கும் இடத்தைத் தேடி எழுதுங்கள்.

விடுமுறையில் மாமாவின் வள்ளத்தில் கடலுக்குப் போகும் பையனை எடுத்துக்கொள்வோம். வெடி போட்டு மீன்பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் தடைசெய்கின்றது. வெடியில் செத்த மீனைக் கையில் எடுத்தாலே தெரியும். உள்ளே முள் நொறுங்கி, உடல் துவண்டு போயிருக்கும். அது ஒரு நாள் மீனைத் தந்து, குஞ்சுகளையும் மீன் ஒதுங்கும் பாரையும் அழித்துவிடும். ஒரு நாள் வள்ளத்தில் அந்தப் பொட்டலம் ஏறுகின்றது. பையனுக்குப் பதினாறு வயது. சம்மாட்டிக்கு முன்னால் அவன் பிரசங்கம் செய்ய முடியாது, செய்தாலும் எடுபடாது. அவனால் முடிந்தது என்ன? "மாமா, நான் இன்றைக்கு வரவில்லை" என்று கரையில் இறங்கி நிற்கலாம். அன்றைய பங்கு போகும். பயந்தாங்கொள்ளி என்ற பெயரும் கிடைக்கும். துணிந்தவனுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வருவது உண்மையான வாழ்க்கையில் மிகச் சாதாரணம். மறுநாள் பொட்டலம் ஏறாதபோது அவன் வழக்கம்போல வள்ளத்தில் ஏறட்டும். அவன் மாமாவோடு பகைக்க வேண்டியதில்லை. தானியேலும் மன்னனுக்கு உண்மையான ஊழியராகவே இருந்தார்.

பெண் பிள்ளைகளுக்குப் புத்தளம் பஸ் நல்ல உதாரணம். நெரிசலில் ஒருவன் ஒரு மாணவியிடம் தவறாக நடக்கிறான். பார்த்தவர்கள் பலர், சன்னலுக்கு வெளியே பார்ப்பவர்களும் அவர்களே. பக்கத்தில் நிற்கும் தோழி, "அண்ணா, தள்ளி நில்லுங்கள்" என்று பஸ் முழுவதும் கேட்கச் சொல்வது ஒரு வாக்கியம்தான். ஆனால் அதைச் சொன்ன பிறகு அத்தனை கண்களும் அவளைத்தான் பார்க்கும்; அதுதான் அதன் விலை. தனியே சொல்ல அச்சமாக இருந்தால் நடத்துநரிடமோ அருகிலுள்ள அம்மா ஒருவரிடமோ சொல்வதும் துணிவே. ஆபத்தில் தனியே பாய்வதைத் திருச்சபை ஒருபோதும் துணிவு என்று கற்பிக்கவில்லை. முன்மதி, நீதி, அளவுடைமை ஆகியவற்றோடு துணிவையும் சேர்த்துத் தலையாய நற்பண்புகள் நான்கு என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? முன்மதியை விட்டுவிட்டுத் துணிவை மட்டும் தனியே பிடுங்கி எடுக்க முடியாது.

பரீட்சை மண்டபத்தில் பார்த்தெழுதுதல் பற்றி நான் நீட்டப் போவதில்லை. இந்த நூலைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அதைப் பற்றித் தெரியும்.

விடை எழுதும் முறைக்கு ஒரு சிறு மாதிரி தருகிறேன். "தானியேல் கடவுளை நம்பினார், நாமும் நம்ப வேண்டும்" என்பது நலிந்த விடை. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "தானியேல் தமது அலுவலில் குற்றமற்றவராக இருந்தார். தடைச்சட்டம் வந்த பின்னரும் தமது வழக்கமான செபத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் தொடர்ந்தார். தாம் காப்பாற்றப்படுவார் என்ற உறுதி அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. அவ்வாறே, வள்ளத்தில் தடைசெய்யப்பட்ட முறையில் மீன்பிடிக்கும்போது என் பங்கை இழந்தாலும் அதில் சேராமல் இருப்பது எனது துணிவாகும்." நான்கே வாக்கியம். கதையிலிருந்து மூன்று செய்தி, வாழ்விலிருந்து ஒரு செயல், அந்தச் செயலுக்குரிய விலை எல்லாம் வந்துவிட்டன. என் வள்ளத்தை அப்படியே பார்த்தெழுதாதீர்கள். உங்களுடைய வாழ்விலிருந்து ஒன்றை எடுங்கள்.

"காப்பாற்றப்படுவார் என்ற உறுதி" பற்றி ஒரு சொல். மூன்றாம் அதிகாரத்தில் தீச்சூளைக்கு முன்னால் நின்ற மூன்று இளைஞர்களும், எங்கள் கடவுள் எங்களைக் காப்பாற்ற வல்லவர், காப்பாற்றாவிட்டாலும் உமது சிலையை வணங்கமாட்டோம் என்ற பொருள்படவே மன்னனிடம் பேசினார்கள். வானதூதர் சிங்கங்களின் வாயைக் கட்டினார் என்பது குகைக்குள் போன பிறகு நடந்தது. துணிவு காட்டிய எல்லோருக்கும் விடியற்காலையில் மன்னன் ஓடி வருவதில்லை. 1544இல் மன்னாரில் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்களுக்கு அப்படி எவரும் வரவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து எழுதும் மாணவன் கதையை உண்மையாகப் படித்தவன்.

பயிற்சி வினாக்கள்

1. தானியேலின் எதிரிகள் முதலில் அவருடைய நிர்வாகத்தில் குற்றம் தேடியதாகக் கூறப்படுவதன் முக்கியத்துவம் யாது?

2. தாரியு மன்னனையும் பிலாத்துவையும் ஒப்பிட்டு, நன்மை எதுவெனத் தெரிந்தும் செய்யத் தவறியமைக்கான காரணங்களை விளக்குக.

3. தானியேல் சாளரத்தைத் திறந்து வைத்தார். புனித யோசப் வாஸ் இரவில் மறைந்து பணியாற்றினார். இருவரது செயல்களும் துணிவே எனக் காரணங்காட்டி நிறுவுக. (உடன்படாதோர் தமது மறுப்பைக் காரணத்துடன் எழுதலாம். அதற்கும் புள்ளி உண்டு.)

4. உமது பாடசாலையில் அல்லது ஊரில், இக்கிழமை நீர் அமைதியாக இருந்துவிட்ட ஒரு சந்தர்ப்பத்தைக் குறிப்பிடுக. அங்கே "முன்பு செய்துவந்ததைப் போலவே" நீர் செய்திருக்கக் கூடிய செயல் யாது? (இவ்வினாவுக்குரிய விடையைப் பயிற்சிக் கொப்பியில் எழுத வேண்டியதில்லை.)